மேளம் இருக்கட்டும், புகை வேண்டாம்! கூடாரவல்லி முதல் காணும் பொங்கல் வரை தாம்பரம் பக்கம் ஒரு வாரக் கொண்டாட்டம்

"டம்... டம்... டம்...!"

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. தெரு விளக்குக் கம்பத்தடியில் நாலைந்து பொடியன்கள். கையில் ஆளுக்கொரு சின்ன மேளம். எதிரே பழைய பாயும், தேய்ந்த துடைப்பமும், கிழிந்த தலையணையும் எரிகின்றன. வீட்டு வாசலில் நின்றபடி, "டேய், கிட்டப் போகாதே!" என்று அம்மா கத்துகிறாள். மேளச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

கொஞ்ச தூரத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம். இந்தப் புகை அங்கேயும் போகிறது. அங்கேதான் வம்பு ஆரம்பமாகிறது!

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல், வண்டலூர் பக்கத்து ஜனங்களுக்கு வருஷத்தில் ஒரு வாரம்தான் முழுசாகப் பாட்டும் கூத்துமாகப் போகும். மார்கழி 27-ந் தேதி கூடாரவல்லியில் தொடங்கி, தை 3-ந் தேதி காணும் பொங்கலோடு முடிகிற வாரம் அது. டிக்கெட் கிடையாது. அழைப்பிதழ் கிடையாது. தெருவில் இறங்கி நின்றால் போதும்.

ஆனால் அந்த ஒரு வாரத்துக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. எதை எரிக்கலாம், எத்தனை மணி வரை மைக் போடலாம், எங்கே குளிக்கலாம் என்று போலீசாரும் மாநகராட்சியும் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அதைக் கேட்டு நடந்தால் கொண்டாட்டம். கேட்காவிட்டால் திண்டாட்டம்!

அக்காரவடிசலும் அதிகாலைப் பாட்டும்

ஜனவரி 11-ந் தேதி வாக்கில் கூடாரவல்லி வரும். ஆண்டாள் பாடிய திருப்பாவை 30 பாசுரங்களில் 27-வது பாசுரத்துக்கு உரிய நாள். பெருமாள் கோவில்களில் நெய் வழிய வழிய அக்காரவடிசல். மார்கழி பூராவும் குளிரில் எழுந்து பஜனை பாடிய பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் சம்பளம் மாதிரி!

இந்தப் பக்கத்தில் திருநீர்மலை பெரிய பேர் பெற்ற தலம். 108 திவ்விய தேசங்களில் ஒன்று. அடிவாரத்தில் நீர்வண்ணர் நின்ற கோலம். மலை மேல் நரசிம்மர் இருந்த கோலம், ரங்கநாதர் கிடந்த கோலம், உலகளந்த பெருமாள் நடந்த கோலம். நாலு கோலமும் ஒரே ஊரில்.

திருமங்கை ஆழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளமாம். தண்ணீர் வடிகிற வரை மாசக்கணக்கில் காத்திருந்து பெருமாளைப் பார்த்தாராம். அதனால்தான் நீர்மலை என்று பேர் வந்தது என்று சொல்கிறார்கள். மழைக்காலத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களுக்கு ஆழ்வார் பட்ட கஷ்டம் நன்றாகப் புரியும்!

பஜனை கோஷ்டி வாயால் பாடிக்கொண்டு போனால் யாருக்கும் தொந்தரவில்லை. தெரு முனைக் கோவிலில் நாலரை மணிக்கே குழாய் ஸ்பீக்கரை அலற விடும்போதுதான் சண்டை வருகிறது. "பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை தூங்க வேண்டாமா?" என்று ஒரு வீடு. "சாமி பாட்டைக் குறை சொல்றதா?" என்று எதிர் வீடு.

சட்டம் என்ன சொல்கிறது? 2000-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டு வந்த ஒலி மாசு விதிப்படி, ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. கோவில், மசூதி, சர்ச், கட்சி மேடை எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான்.

ஆண்டாளுக்கு மைக் தேவைப்படவில்லை. தெருத் தெருவாகப் போகிற கோஷ்டிக்கும் தேவையில்லை!

கச்சேரியும் கடைசி ரெயிலும்

டிசம்பர் வந்தால் மைலாப்பூரிலும் மாம்பலத்திலும் கச்சேரி மழை. 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அதோடு சேர்த்து ஒரு இசை மாநாடும் நடந்தது. அதன் பலனாக மறு வருஷம் மியூசிக் அகாடமி உருவானது. அப்போது ஆரம்பித்த டிசம்பர் சீசன் 90 வருஷத்தைத் தாண்டிவிட்டது. 2017-ல் யுனெஸ்கோ நிறுவனம் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சேர்த்தது.

தாம்பரத்து ரசிகருக்கும் இந்தப் பெருமையில் பங்கு உண்டு. காரணம், எலெக்ட்ரிக் ரெயில். 1931-ல் பீச் ஸ்டேஷனில் இருந்து தாம்பரத்துக்கு எலெக்ட்ரிக் ரெயில் ஓடத் தொடங்கியது. அன்று முதல் பட்டணத்துக் கச்சேரி தாம்பரத்துக்காரருக்கு எட்டும் தூரம் ஆகிவிட்டது. இங்கே வீடு, அங்கே பாட்டு!

ஆனால் மெயின் பாடகர் ராகம் பாட ஆரம்பிக்கும்போதே தாம்பரத்து ரசிகர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் நைசாக எழுந்துவிடுவார். "மிருதங்கக்காரருக்கு மரியாதை இல்லையா?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் முறைப்பார். அவருக்கு வீடு மந்தைவெளியில்! இவருக்கோ ரெயிலைப் பிடித்து, இறங்கி, சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை எடுத்து, சேலையூரோ மாடம்பாக்கமோ போய்ச் சேர வேண்டும்.

அதனால்தான் நங்கநல்லூர், குரோம்பேட்டை, தாம்பரம் என்று இந்தப் பக்கமே சபாக்கள் முளைத்தன. கல்யாண மண்டபம், பள்ளிக்கூட ஹால், கோவில் பிராகாரம்... எது கிடைத்தாலும் கச்சேரிதான். பெரிய சபாக்களில் சீசன் புது வருஷத்தோடு ஓயும்போது, புறநகர்க் கோவில்களில் மார்கழி கடைசி நாள் வரை பாட்டு கேட்கும். முன் வரிசையில் தாத்தா, பாட்டிகள். மேடையில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள்.

எரிக்காதே... சந்தையில் வித்துடு!

அந்த வாரத்தில் பெரும்பாலும் ஒரு வெள்ளிக்கிழமை வரும். வெள்ளி என்றால் பல்லாவரம் சந்தை!

பழைய டிரங்க் ரோடு முழுக்கக் கடைகள். வெள்ளைக்காரர் காலத்தில் இருந்து வருகிற சந்தை என்பார்கள். கட்டில், பீரோ, மிக்சி, ரேடியோ, கேமரா, செடி, கோழி, கயிறு, காய்கறி... அங்கே இல்லாத சாமான் இல்லை. காலொடிந்த நாற்காலிக்குக் கூட ஒரு விலை உண்டு. பேரம் பேசத் தெரிந்தால் பாதி விலை. தெரியாவிட்டால் ஒன்றரை மடங்கு!

போகிக்கு முந்தைய வெள்ளி வியாபாரம் தூள் பறக்கும். பொங்கல் பானைக்கும், கோலப் பொடிக்கும், மஞ்சள் கொத்துக்கும், கரும்புக்கும் கூட்டம் அலைமோதும். நடுவே தரையில் குவித்து வைத்த போகி மேளங்கள். "யம்மா, எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடும்மா!" என்று சேலையைப் பிடித்து இழுக்காத பையன் இல்லை.

யோசித்துப் பார்த்தால், 'பழையன கழிதல்' என்பதற்கு இந்தச் சந்தையை விட நல்ல இடம் கிடையாது. ஒரு வீட்டில் கழித்த நாற்காலி, வேறொரு வீட்டில் புதிய நாற்காலி. புகையும் இல்லை, கையில் நாலு காசும் மிச்சம்!

பாதி ஊர் காலி

போகிக்கு இரண்டு நாள் முன்பே ஜி.எஸ்.டி. ரோடு திணறும். திருநெல்வேலி, மதுரை, திருச்சி, விழுப்புரம்... தென் மாவட்டத்து ஜனம் அத்தனையும் இந்த ஒரே சாலையில்தான் இறங்குகிறது. பெருங்களத்தூரில் பஸ்சுக்காகப் பையும் பிள்ளையுமாக நடுரோட்டில் நின்ற காலம் உண்டு. 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கத்தில் புது பஸ் நிலையம் திறந்த பிறகு, கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது.

ஊருக்குப் போனவர்கள் போக, இங்கேயே தங்கிவிட்டவர்கள் யார்? ராத்திரி டியூட்டி பார்க்கிற ஆஸ்பத்திரி நர்சம்மா, ரெயில்வே தொழிலாளி, லீவு கிடைக்காத செக்யூரிட்டி, பஸ் கட்டணத்துக்கே மலைக்கிற குடும்பம், போக ஊர் என்று ஒன்று இல்லாதவர்கள். தெருப் பொங்கல் இவர்களுக்காக நடப்பதுதான். சொந்த ஊருக்குப் போக முடியாதவனுக்குத் தெருவே ஊராகிறது.

போகி: மேளமும் புகையும்

போகி மேளம் செய்வது எளிது. ஒரு வளையம், அதில் இழுத்துக் கட்டிய தோல், தட்ட ஒரு குச்சி. இப்போது பிளாஸ்டிக் தாள் ஒட்டிய மேளமும் வருகிறது. எதுவானாலும் ஆயுள் ஒரு நாள்தான். சாயங்காலத்துக்குள் கிழிந்துவிடும். பையனுக்கோ அது வருஷத்தின் முதல் வாத்தியக் கச்சேரி!

மேளத்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தச் சொல்வதெல்லாம் புகையைத்தான்.

பாயும் துடைப்பமும் எரிந்த காலம் போய், டயரும் டியூபும் பிளாஸ்டிக்கும் எரிகிற காலம் வந்தது. கறுப்புப் புகை கிளம்பியது. ஜனவரி அதிகாலையில் காற்று அசையாது. தரை ஓரம் குளிர்ந்த காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும். புகை மேலே போக வழியில்லாமல் பனியோடு கலந்து தரையிலேயே தங்கிவிடும். எதிரே வருகிற ஆள் தெரியாது.

2018 ஜனவரி 13-ந் தேதி போகி. அன்று காலை மீனம்பாக்கத்தில் ஓடுதளமே தெரியாத அளவுக்குப் புகையும் பனியும் மூடிக்கொண்டன. சென்னையில் இறங்க வந்த விமானங்கள் பெங்களூர், ஐதராபாத் என்று திருப்பி விடப்பட்டன. புறப்பட வேண்டியவை மணிக்கணக்கில் நின்றன. பொங்கலுக்கு வெளிநாட்டில் இருந்து ஆசையாக வந்தவர்கள், சொந்த ஊரை வானத்தில் இருந்தும் பார்க்க முடியாமல் வேறு ஊரில் போய் இறங்கினார்கள்!

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் விமான நிலைய அதிகாரிகள், சுற்றியுள்ள பகுதி மக்களுக்கு வேண்டுகோள் விடுக்கிறார்கள். பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர், பல்லாவரம், திரிசூலம் எல்லாம் விமான நிலையத்தின் வேலியோரத்து ஊர்கள். அங்கே ஒரு டயர் எரிந்தால் நேராக ஓடுதளத்துக்குத்தான் போகும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் போகி அன்று காற்றை அளந்து கணக்குச் சொல்கிறது.

விமானம் தாமதமானால் இன்னொரு விமானம் வரும். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு நின்றால் இன்னொரு மூச்சு வருமா? 1928-ல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் காச நோயாளிகளுக்கு சானடோரியம் ஆரம்பித்தது, இங்கே இருந்த சுத்தமான காற்றை நம்பித்தான். அந்தப் பேரில் ரெயில்வே ஸ்டேஷனே இருக்கிறது. காற்றுக்குப் பேர் போன ஊரில் காற்றைக் கெடுக்கலாமா?

பொங்கலோ பொங்கல்!

தை முதல் நாள். வாசலில் கோலம், அடுப்பில் பானை. குக்கர் வந்து எத்தனையோ வருஷமாகியும் இந்த ஒரு நாள் பானைதான். அடுக்கு மாடி வீட்டுக்காரர்கள் கூட கீழே கார் நிறுத்துகிற இடத்தில் செங்கல் வைத்துப் பொங்குகிறார்கள்.

பத்து மணிக்கு மேல் தெரு களை கட்டும். பெண்களுக்குக் கோலப் போட்டி, மியூசிக்கல் சேர். பிள்ளைகளுக்கு லெமன் ஸ்பூன், சாக்கு ஓட்டம். பையன்களுக்கு ஸ்லோ சைக்கிள், உறியடி. பரிசு என்ன? எவர்சில்வர் டம்ளர், டிபன் பாக்ஸ். ஆனால் கோலப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிய அக்கா, நடுவரோடு ஒரு வருஷம் பேச மாட்டார்!

ராத்திரி மெல்லிசைக் கச்சேரி, மாறுவேடப் போட்டி, சில தெருக்களில் நாடகம். நாடகம் என்றதும் பம்மலைச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழ் நாடகத்தின் தந்தை என்று பேர் வாங்கிய பம்மல் சம்பந்த முதலியாரின் பேரோடு ஒட்டிக்கொண்டிருப்பது இந்த ஊர்தான். 1891-ல் சுகுண விலாச சபையை ஆரம்பித்தார். கூத்தாடி என்று இளக்காரமாகப் பார்த்த காலத்தில், வக்கீல்களையும் டாக்டர்களையும் மேடையில் ஏற்றினார். அவரே வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர். அவர் எழுதிய 'சபாபதி' 1941-லும், 'மனோகரா' 1954-லும் சினிமாவாக வந்து சக்கைப் போடு போட்டன. 1959-ல் பத்மபூஷண் விருது. 1964-ல் காலமானார். பம்மல் பக்கத்துத் தெரு மேடையில் அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு வசனத்தை மறந்து முழிக்கிற பையனுக்கு இந்தக் கதையை யாராவது சொல்லலாம்.

மணி பத்து அடித்தால் மைக்கை அணைத்தாக வேண்டும். "இன்னும் ஒரே ஒரு பாட்டு சார்!" என்பார்கள் விழாக் குழுவினர். அந்த ஒரு பாட்டு மூன்றாகும். அதற்குள் ரோந்து ஜீப் வந்துவிடும். 2022-ல் தாம்பரத்துக்குத் தனி போலீஸ் கமிஷனர் அலுவலகம் வந்த பிறகு, ஸ்டேஷன் அனுமதி வாங்காமல் மேடை போடுகிற பேச்சுக்கே இடமில்லை. அனுமதி, மின் இணைப்பு, தெருவை அடைக்காத பந்தல்... இந்த மூன்றும் சரியாக இருந்தால் போலீசாரும் ஓரமாக நின்று பாட்டு கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்!

பறைக்கு நெருப்பு, தவிலுக்கு ரெயில்

இந்த வாரத்தை நம்பி இருப்பவர்கள் வாத்தியக்காரர்கள்.

காலை முதல் ரெயிலில் வெண்டார் பெட்டியில் பார்த்தால் தெரியும். கீரைக் கட்டுக்கும் பால் கேனுக்கும் நடுவே துணி சுற்றிய தவில். பலாமரத்தைக் குடைந்து செய்த வாத்தியம். இறக்கி ஏற்றவே ஒரு ஆள் வேண்டும். பக்கத்தில் நாதஸ்வரப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் தூங்கி வழிகிறார். ராத்திரி ஒரு கோவில், காலையில் ஒரு கோவில். தை பிறந்தால் கல்யாண முகூர்த்தம் வரும். அது வரைக்கும் இந்த ஓட்டம்தான்.

பறை அடிக்கிறவர்களுக்குப் பொங்கல் வாரம் இன்னும் முக்கியம். மர வளையத்தில் கன்றுத் தோலை ஒட்டிச் செய்வது பறை. வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் சிண்டுக்குச்சி. அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டித் தோலை முறுக்கேற்றுவார்கள். அதற்கு ஒரு கைப்பிடி வைக்கோல் போதும். டயர் வேண்டியதில்லை!

சாவு வீட்டுக்கு மட்டும் கூப்பிட்டு, வாசலிலேயே நிற்க வைத்து, கூலியைத் தள்ளி நின்று கொடுத்த காலம் இந்த வாத்தியத்துக்கு உண்டு. இப்போது பொங்கல் மேடைக்குப் பறை இல்லாமல் முடியாது. 2007-ல் 'சென்னை சங்கமம்' என்று தொடங்கி, கிராமத்துக் கலைஞர்களைப் பட்டணத்துப் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் கொண்டு வந்தார்கள். 2011-க்குப் பிறகு அது நின்று போனது. 2023 பொங்கலுக்கு அரசு மறுபடி தொடங்கியது. 2007-லேயே நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியமும் வந்தது. 2025-ல் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பறைக்குக் கிடைத்த மரியாதை அது.

மரியாதை சரி, கூலி? தெரு விழாக் கணக்கில் பந்தலுக்கு இவ்வளவு, சீரியல் லைட்டுக்கு இவ்வளவு, பேனருக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டு, கடைசியில் மிச்சம் இருப்பதைத்தான் மேளக்காரருக்குக் கொடுக்கிறார்கள். "பாத்துப் போட்டுக் குடுங்கண்ணே" என்று அவர் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது. பேனரில் சிரிக்கிற பத்துப் பேர் படத்தைக் குறைத்தால் இந்தக் கூலி பிரச்சினையே வராது. முன்கூட்டிப் பேசி, முடிந்த அன்றே கையில் கொடுப்பதுதான் உண்மையான மாலை மரியாதை!

மாட்டுக்கும் வள்ளுவருக்கும்

தை 2. மாட்டுப் பொங்கல். ஊர் மாநகராட்சி ஆனாலும் மாடு இருக்கிறது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் பக்கத்துப் பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உண்டானது. கொம்புக்குப் பெயின்ட் அடித்து, கழுத்தில் சலங்கை கட்டி, பலூனும் கட்டி மாடுகள் வார்டு வார்டாக வலம் வருகின்றன.

மாடம்பாக்கத்தில் சோழர் காலத்து தேனுபுரீஸ்வரர் கோவில். கபில முனிவர் பசுவாகப் பிறந்து, மண்ணில் மறைந்திருந்த லிங்கத்தின் மேல் பால் சொரிந்தார் என்பது தல புராணம். 'தேனு' என்றால் பசு. மாட்டுப் பொங்கலுக்கு இதை விடப் பொருத்தமான கோவில் இந்தப் பக்கம் எது?

அதே நாள் திருவள்ளுவர் தினம். கறிக்கடைக்கும் டாஸ்மாக்குக்கும் லீவு! பல்லாவரத்துக்கு இந்த நாளில் தனி உரிமை உண்டு. மறைமலை அடிகள் வாழ்ந்த ஊர் இது. 1916-ல் தனித்தமிழ் இயக்கம் இங்கே இருந்துதான் கிளம்பியது. ஆங்கில வருஷத்தோடு 31 கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு என்கிற கணக்குக்கும் அவர் பேர்தான் முன்னால் நிற்கிறது. குறள் ஒப்பிக்கும் போட்டியில் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பதும், பத்தாவது குறளில் தடுக்கி அம்மா முகத்தைப் பார்ப்பதும் அன்றைய சங்கதி.

காணும் பொங்கல்: காணாமல் போகாதே!

தை 3. எல்லா ரோடும் வண்டலூருக்கு!

1855-ல் பட்டணத்தில் ஆரம்பித்த மிருகக்காட்சி சாலை, 1985-ல் வண்டலூருக்கு இடம் மாறியது. சுமார் 1,500 ஏக்கர். காணும் பொங்கல் அன்று விடிந்ததும் டிக்கெட் கவுண்டரில் கூட்டம். கையில் புளியோதரை தூக்கு, தோளில் தண்ணீர் பாட்டில், இடுப்பில் கைக்குழந்தை. சிங்கத்தைப் பார்க்க வந்தவர்களைப் பார்த்துச் சிங்கமே அசந்து போகும்!

அங்கே வருஷா வருஷம் வருகிற பிரச்சினை, கூட்டத்தில் பிரிந்து போகிற குழந்தைகள். புலிக் கூண்டு பக்கம் ஒரு கை நழுவும். அவ்வளவுதான், அம்மா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். அதனால் போலீசாரும் பூங்கா ஊழியர்களும் நுழையும்போதே குழந்தையின் மணிக்கட்டில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டி விடுகிறார்கள். "என் பிள்ளை எங்கேயும் போவாது சார்" என்று மறுக்காதீர்கள். தொலைந்த பிள்ளையின் அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள்!

கோவளம் பக்கம் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடலில் இறங்காதே என்று போலீசார் கயிறு கட்டி நிற்பது விளையாட்டுக்கு அல்ல. பார்ப்பதற்குத்தான் காணும் பொங்கல். குளிப்பதற்கு அல்ல.

சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரம் நிரம்பி வழியும். தவிலோடு வீடு திரும்புகிறவர், கரும்புத் துண்டைக் கடித்தபடி அப்பா தோளில் தூங்குகிற பிள்ளை, கையில் இன்னும் பட்டையைக் கழற்றாத சின்னப் பெண். மறுநாள் முதல் ஆபீஸ், பள்ளிக்கூடம், பழைய நெரிசல்.

தெரு முனைக் குப்பைத் தொட்டியில் கிழிந்த போகி மேளம் ஒன்று கிடக்கும். அடுத்த வருஷம் அந்தப் பையன் இன்னொன்று கேட்பான். வாங்கிக் கொடுங்கள். விடிய விடிய அடிக்கட்டும். பக்கத்தில் டயர் மட்டும் எரிய வேண்டாம்!